எட்டுப் பிகோ வினாடி நீடிக்கும் பிணைப்பு

கார்பன் டெட்ராகுளோரைடில் கொஞ்சம் பென்சீனைக் கலந்து, அந்தக் கலவையில் ஃபீனாலைச் சிறிதளவு கரைத்து வைத்தால், பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் நடப்பதில்லை. நிறம் மாறுவதில்லை; அடியில் எதுவும் படிவதில்லை; மறுநாள் வந்து பார்த்தாலும் அதே தெளிந்த திரவம்தான். பாடநூலின் மொழியில் அது சமநிலையில் இருக்கிறது. ஆனால் உள்ளே ஒவ்வொரு ஃபீனால் மூலக்கூறும் ஒரு பென்சீனைப் பற்றுகிறது, விடுகிறது, வேறொன்றைப் பற்றுகிறது. ஒரு பற்று சராசரியாக எவ்வளவு நேரம் நீடிக்கும்? 2005ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஃபேயர் குழுவினர் அளந்து சொன்ன விடை: சுமார் 8 பிகோ வினாடி. லட்சம் கோடி பிகோ வினாடிகள் சேர்ந்தால்தான் ஒரு வினாடி ஆகும்.

அந்த எண்ணைவிட, அதை அளந்த விதம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கரைசலைச் சூடாக்கவில்லை, எந்தப் பிணைப்பையும் வேண்டுமென்று அறுக்கவில்லை. சமநிலையைச் சமநிலையாகவே விட்டுவைத்து, அதன் உள்ளே நடக்கும் போக்குவரத்தை அளந்தார்கள்.

வலுவற்ற பிணைப்பு என்றால் எவ்வளவு வலுவற்றது? கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையிலான ஒற்றைப் பிணைப்பை அறுக்க மோலுக்கு 80 கிலோகலோரிக்கும் மேல் செலவாகும். தண்ணீரில் ஒரு மூலக்கூறை இன்னொன்றோடு சேர்க்கும் ஹைட்ரஜன் பிணைப்புக்கு ஏறத்தாழ 5 கிலோகலோரி. ஃபீனாலும் பென்சீனும் சேரும்போது வெளிப்படும் ஆற்றல் வெறும் 1.7 கிலோகலோரிதான். அறை வெப்பநிலையில் மூலக்கூறுகளின் இயல்பான வெப்பத் துள்ளலின் அளவு சுமார் 0.6 கிலோகலோரி. ஆக, இந்தப் பிணைப்பு துள்ளலைவிட மூன்று மடங்குகூட இல்லை. அக்கம்பக்கத்து மூலக்கூறுகள் ஓயாமல் இடித்துக்கொண்டிருக்கும் திரவத்தில் அது உருவாவதும் அறுவதும் ஓயாத வேலை.

இதைப் பிணைப்பு என்று அழைக்கலாமா என்பதே ஒரு காலத்தில் விவாதமாக இருந்தது. ஹைட்ரஜன் பிணைப்பு என்றதும் நம் நினைவுக்கு வருவது ஆக்சிஜனும் நைட்ரஜனும். இங்கே ஃபீனாலின் ஓ–எச் முனை நோக்கி நிற்பது ஓர் அணுவை அல்ல. பென்சீன் வளையத்தின் தட்டையான முகத்துக்கு மேலே பரவியிருக்கும் பை எலக்ட்ரான் மேகத்தை. தூய மற்றும் பயன்பாட்டு வேதியியலுக்கான சர்வதேச ஒன்றியம் அமைத்த பணிக்குழு 2011இல் ஹைட்ரஜன் பிணைப்புக்குப் புதிய வரையறையைப் பரிந்துரைத்தது. அந்தப் பணிக்கு முன்னின்றவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் அருணன். ஏற்கும் தரப்பில் பை எலக்ட்ரான்களும் இருக்கலாம் என்று அந்த வரையறை ஒப்புக்கொண்டது. பிணைப்பு உண்டு என்பதற்கான சான்றுகளில் ஒன்றாக, அகச்சிவப்பு நிறமாலையில் ஓ–எச் போன்ற தொகுதியின் நீட்சி அதிர்வு தாழ்ந்த அதிர்வெண் பக்கம் நகர்வதையும் அது குறிப்பிட்டது. இந்தக் கடைசிச் சான்றில்தான் நம் கதை முழுவதும் நிற்கிறது.

ஓ–எச் தொகுதி ஒரு வில்கம்பியைப் போல நீண்டும் சுருங்கியும் அதிர்கிறது. அதன் ஹைட்ரஜன் முனையை வேறொரு மூலக்கூறு தன் பக்கம் லேசாக இழுத்தால் வில்லின் விறைப்பு சற்றுக் குறைகிறது, அதிர்வும் மெதுவாகிறது. ஃபேயர் குழு ஃபீனாலில் அந்த ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதன் கனமான வடிவமான டியூட்டீரியத்தை (டி) வைத்துக்கொண்டது. மற்ற சி–எச், ஓ–எச் அதிர்வுகளின் நெரிசலிலிருந்து விலகி, ஓ–டி அதிர்வு தனியிடத்தில் தெரிய வேண்டும் என்பது அதற்கு ஒரு காரணம். யாரையும் பற்றாத ஃபீனாலின் ஓ–டி அதிர்வு அலை எண் 2665ஐ ஒட்டி அமைகிறது. பென்சீனைப் பற்றிய ஃபீனாலில் அது 2631. அலை எண் என்பது ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை. இரண்டுக்கும் இடையே 34தான் வித்தியாசம். ஆனால் நிறமாலையில் இரண்டு முகடுகளாகத் தெளிவாகப் பிரிந்து தெரிய அது போதும்.

இவ்வளவையும் சாதாரண அகச்சிவப்பு நிறமாலைமானியே காட்டிவிடும். முகடுகளின் பரப்பை ஒப்பிட்டால் எத்தனை பங்கு பற்றியிருக்கிறது, எத்தனை பங்கு தனித்திருக்கிறது என்று தெரியும். வெப்பநிலையை மாற்றி மாற்றி அளந்தால் பிணைப்பின் என்தால்பியும், அதாவது சேரும்போது வெளிப்படும் ஆற்றலும், கிடைக்கும். ஆனால் எவ்வளவு நேரம் என்ற கேள்விக்கு அந்த நிறமாலையில் பதில் கிடையாது. பேருந்து நிலையத்தைப் பத்து மணிக்கு ஒரு படமும், பத்தேகாலுக்கு ஒரு படமும் எடுத்தால் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு கூட்டம் இருக்கும். ஒருவர் சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று அறிய, முதல் படத்தில் இருந்த முகங்களை இரண்டாவதில் அடையாளம் காண வேண்டும். மூலக்கூறுகளுக்கு முகம் இல்லை. ஒரே மாதிரியான கோடானுகோடி ஃபீனால்களில் எது முன்பு பற்றியிருந்தது, எது இப்போது விட்டிருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

விரைவான வினைகளை அளந்த முன்னோடிகள் இந்தச் சிக்கலை வேறு வழியில் கடந்தார்கள். மான்ஃப்ரெட் ஐகன் சமநிலையில் இருக்கும் கரைசலின் வெப்பநிலையைத் திடீரென்று உயர்த்தி, அது புதிய சமநிலைக்குத் திரும்பும் வேகத்தை அளந்தார். நாரிஷும் போர்ட்டரும் கூரிய ஒளிவீச்சால் மூலக்கூறுகளைச் சிதைத்து, அடுத்து நடந்ததைப் பார்த்தார்கள். மூவருக்கும் 1967இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 1999இல் அதே பரிசைப் பெற்ற அகமது ஸெவாயில், ஃபெம்டோ வினாடி அளவிலான லேசர் துடிப்புகளால் பிணைப்பு அறும் கணத்தையே தொடர்ந்து கவனித்தவர். ஃபெம்டோ வினாடி என்பது பிகோ வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இவை எல்லாமே மாபெரும் சாதனைகள். ஆனால் எல்லாவற்றிலும் முதல் செயல் ஒரு குலைப்பு: சூடாக்கு, உடை, பிறகு கவனி. 1.7 கிலோகலோரிப் பிணைப்பு அந்த மாதிரிக் குலைப்பைத் தாங்காது. தாங்கினாலும், அளந்தது அதன் இயல்பான வாழ்வைத்தானா என்ற ஐயம் நீங்காது.

குலைக்காமல் அடையாளம் காணும் வழி இன்னொரு துறையில் ஏற்கெனவே இருந்தது. பெல்ஜிய இயற்பியலாளர் ஜான் ஜீனர் 1971இல் என்.எம்.ஆர். எனப்படும் அணுக்கரு காந்த ஒத்ததிர்வுக்கு இருபரிமாண முறை ஒன்றை முன்வைத்தார். சுவிட்சர்லாந்தின் ரிச்சர்ட் எர்ன்ஸ்ட் அதை வளர்த்தெடுத்தார். இருவரும் சகாக்களுடன் சேர்ந்து 1979இல் வேதிப் பரிமாற்றத்தை அளக்கும் வடிவத்தையும் வெளியிட்டார்கள். கருத்து எளிது. ஒரு மூலக்கூறின் அதிர்வெண்ணை முதலில் குறித்துக்கொள்; சற்றுக் காத்திரு; மீண்டும் அதிர்வெண்ணைப் பார். முதல் அதிர்வெண்ணை ஓர் அச்சிலும் இரண்டாவதை மற்றோர் அச்சிலும் போட்டு வரைபடம் எழுது. மாறாதவை மூலைவிட்டத்தில் விழும். மாறியவை மூலைவிட்டத்தை விட்டு விலகி விழும். முதல் அதிர்வெண்தான் மூலக்கூறின் முகம்.

அப்படியானால் என்.எம்.ஆரையே இதற்குப் பயன்படுத்தினால் என்ன? இங்கேதான் கால அளவின் கணக்கு குறுக்கே நிற்கிறது. இரு நிலைகள் நிறமாலையில் இரண்டு முகடுகளாகத் தெரிய வேண்டுமானால், அவற்றின் அதிர்வெண் வித்தியாசத்தைவிட மெதுவாக ஒன்று மற்றொன்றாக மாற வேண்டும். வேகமாக மாறினால் இரண்டும் கலந்து நடுவில் ஒரே முகடாகிவிடும். என்.எம்.ஆரில் அந்த வித்தியாசம் சாதாரணமாகச் சில நூறு முதல் சில ஆயிரம் ஹெர்ட்ஸ். எனவே அது பிரித்துப் பார்ப்பது மில்லி வினாடிகளின் உலகம். ஃபீனாலின் இரண்டு அகச்சிவப்பு முகடுகளுக்கு இடையிலான 34 அலை எண்ணை ஹெர்ட்ஸில் எழுதினால் லட்சம் கோடி. ஒரு பிகோ வினாடிக்கும் குறைந்த நேரத்தில் நடக்கும் மாற்றம்தான் அவற்றைக் கலக்க முடியும். 8 பிகோ வினாடிப் பிணைப்பு என்.எம்.ஆருக்குக் கண்ணில் படாத வேகம். அகச்சிவப்புக்கு நிதானமான நடை.

இருபரிமாண முறையை அகச்சிவப்புக்குக் கொண்டுவரத் தேவைப்பட்டது நல்ல துடிப்பு லேசர். 1980களில் பீட்டர் மோல்டன் உருவாக்கிய டைட்டானியம்–நீலமணி லேசரும், டோனா ஸ்டிரிக்லேண்டும் ஜெரார் மூரூவும் 1985இல் காட்டிய துடிப்புப் பெருக்க முறையும் (2018ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு இதற்காகத்தான் இவர்களுக்குக் கிடைத்தது) அந்த வழியைத் திறந்தன. 800 நானோமீட்டர் ஒளியைப் படிகங்களுக்குள் செலுத்தி, சில மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பாக மாற்றலாம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ராபின் ஹாக்ஸ்ட்ராஸர், பீட்டர் ஹாம், மான்ஹோ லிம் ஆகியோர் 1998இல் புரதங்களின் அமைடு அதிர்வுகளில் இருபரிமாண அகச்சிவப்பு அளவீட்டைச் செய்து காட்டினார்கள். 2005இல் ஹாக்ஸ்ட்ராஸர் ஆய்வகம் மெத்தனாலும் அசிட்டோநைட்ரைலும் பற்றி விடுவதையும், ஃபேயர் ஆய்வகம் ஃபீனால்–பென்சீனையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அளந்தன. ஒரு முறை பழுத்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டியதில்லை.

சோதனையில் நடப்பது இது. 100 ஃபெம்டோ வினாடிக்கும் குறைந்த மூன்று அகச்சிவப்புத் துடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைசலைக் கடக்கின்றன. முதலாவது ஓ–டி அதிர்வுகளைத் தாளம் சேர்த்துத் தொடங்கி வைக்கிறது. சற்றுப் பின் வரும் இரண்டாவது, ஒவ்வொரு மூலக்கூறும் அதுவரை எந்த அதிர்வெண்ணில் இருந்தது என்பதைப் பதிவாக நிறுத்துகிறது. பிறகு காத்திருப்பு. மூன்றாவது துடிப்பு வந்ததும் கரைசலே ஓர் எதிரொலியாக ஒளியை உமிழ்கிறது. அந்த எதிரொலியில் மூலக்கூறுகளின் இப்போதைய அதிர்வெண் இருக்கிறது.

காத்திருப்பு நேரத்தை மாற்ற மின்னணுக் கடிகாரம் எதுவும் போதாது. ஒளி ஒரு பிகோ வினாடியில் 0.3 மில்லிமீட்டர் போகிறது. 14 பிகோ வினாடி தாமதம் வேண்டுமானால் கடைசித் துடிப்பின் பாதையை 4.2 மில்லிமீட்டர் நீட்டினால் போதும். ஒளி போய்த் திரும்புவதால் கண்ணாடியை அதில் பாதி தூரம் நகர்த்தினால் சரி. காலத்தை நீளமாக அளக்கும் இந்த ஏற்பாட்டில் எனக்கு ஓயாத வியப்பு உண்டு.

அறிவார்ந்த வாசகர் இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். 100 ஃபெம்டோ வினாடித் துடிப்பின் அலை எண் அகலம் ஏறத்தாழ 150. அவ்வளவு அகலமான ஒளியைக் கொண்டு 34 இடைவெளியில் நிற்கும் இரண்டு முகடுகளை எப்படிப் பிரித்தறிவது? குறுகிய நேரமும் துல்லியமான அதிர்வெண்ணும் ஒரே துடிப்பில் சேராது என்பது இயற்கையின் விதி. விடை, அதிர்வெண்ணைத் துடிப்பிலிருந்து எடுப்பதில்லை என்பதுதான். முதல் இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தைச் சிறிது சிறிதாக மாற்றி எதிரொலியைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்கிறார்கள். அந்த வரிசையில் எழும் ஏற்ற இறக்கத்தை ஃபூரியர் மாற்றத்துக்கு உட்படுத்தினால் அதிர்வெண் கிடைத்துவிடும். அகலமான துடிப்பு இரண்டு வகை மூலக்கூறுகளையும் ஒரே சமயத்தில் தொடுகிறது. பிரிக்கும் வேலை கணிதத்துக்கு.

காத்திருப்பு 200 ஃபெம்டோ வினாடியாக இருந்தபோது வரைபடத்தில் மூலைவிட்டத்தின் மேல் இரண்டு முகடுகள்: தனி ஃபீனால் ஒன்று, பற்றிய ஃபீனால் ஒன்று. (அவற்றுக்குக் கீழே, அதிர்வின் அடுத்த படிக்குத் தாவுவதால் வரும் எதிர்க்குறி முகடுகளும் உண்டு, அவை இதே கதையை மறுபடி சொல்கின்றன.) காத்திருப்பை 14 பிகோ வினாடியாக நீட்டியபோது மூலைவிட்டத்துக்கு வெளியே புதிதாக இரண்டு முகடுகள் எழுந்து நின்றன. ஒன்று, முதலில் பற்றியிருந்து பிறகு விட்டவை. மற்றது, தனித்திருந்து பிறகு பற்றியவை. சமநிலை என்பதால் இரண்டும் ஒரே வேகத்தில் வளர்கின்றன. பாடநூலில் இரு திசை அம்புக்குறியாக நாம் படித்தது இங்கே இரண்டு புள்ளிகளாக வளர்வது தெரிகிறது. அதிர்வு தணியும் நேரம், மூலக்கூறு திரும்பும் நேரம், சமநிலை மாறிலி ஆகியவற்றைத் தனிச் சோதனைகளில் முன்பே அளந்துவிட்டதால், வளர்ச்சியைப் பொருத்திப் பார்க்கும்போது தெரியாத எண் ஒன்றே ஒன்றுதான்: பிணைப்பு அறும் நேரம்.

குலைக்கவில்லை என்று மேலே எழுதினேன். அதை அப்படியே ஏற்க வேண்டாம். ஆராய்ந்து பார்க்க வேண்டிய கூற்று அது. அலை எண் 2665 உள்ள ஒளித்துகளின் ஆற்றல் மோல் கணக்கில் 7.6 கிலோகலோரி; பிணைப்பின் வலிமையைப் போல நான்கு மடங்குக்கும் மேல். அவ்வளவு ஆற்றலை மூலக்கூறுக்குள் ஏற்றிவிட்டு, பிணைப்பைத் தொடவில்லை என்பது எப்படி? ஆற்றல் எங்கே போய் உட்காருகிறது என்பதைப் பொறுத்தது அது. ஓ–டி நீட்சியில் ஏறிய ஆற்றல் 10 பிகோ வினாடி அளவுக்கு அங்கேயே தங்குகிறது. பென்சீனைப் பற்றியிருக்கும் தளர்ந்த மெதுவான அசைவுக்கு உடனே கசிவதில்லை. அதற்குள் நடக்கும் பற்றலும் விடலும் வெப்பத் துள்ளலின் செயல்தான். இதைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. மூலைவிட்டத்து முகடுகளில் அதிர்வு ஏறிய மூலக்கூறுகளும் ஏறாத மூலக்கூறுகளும் பங்களிக்கின்றன. எதிர்க்குறி முகடுகளில் ஏறியவை மட்டும். அதிர்வு பிணைப்பைப் பாதித்தால் இவ்விரண்டும் ஒரே காலக்கணக்கைச் சொல்லாது. இந்தப் பொறுமை எல்லாப் பொருளுக்கும் இல்லை. மெத்தனாலில் அதிர்வு தணியும்போது அந்த ஆற்றலே ஹைட்ரஜன் பிணைப்பை அறுத்துவிடுவதை இதே ஃபேயர் குழு முன்னர் காட்டியிருந்தது. ஃபீனாலைத் தேர்ந்தது நல்ல தேர்வு. எந்த மூலக்கூறை எடுப்பது என்பதிலேயே இத்துறையில் பாதி அறிவு இருக்கிறது.

ஒரு பிணைப்பின் ஆயுளைத் தெரிந்துகொண்டதோடு அவர்கள் நிறுத்தவில்லை. பென்சீன் வளையத்தில் மெத்தில் தொகுதிகளைச் சேர்த்தால் அவை வளையத்துக்கு எலக்ட்ரானை அளிக்கும், பிணைப்பு வலுக்கும். புரோமினைச் சேர்த்தால் அது எலக்ட்ரானை இழுத்துக்கொள்ளும், பிணைப்பு தளரும். இப்படி ஃபீனால் வகைகளையும் பென்சீன் வகைகளையும் மாற்றி அமைத்த எட்டு இணைகளை அளந்து 2007இல் அக்குழுவின் ஜெங்கும் ஃபேயரும் வெளியிட்டார்கள். என்தால்பி மோலுக்கு 0.6 முதல் 2.5 கிலோகலோரி வரை. ஆயுள் 3 பிகோ வினாடி முதல் ஏறத்தாழ 30 பிகோ வினாடி வரை. எட்டும் ஒரே வரையில் விழுந்தன: என்தால்பி கூடக் கூட ஆயுள் அர்ரேனியஸ் சமன்பாட்டை ஒத்த அடுக்கேற்றத்தில் வளர்கிறது. அடுத்த ஆண்டில் ட்ரைஎத்தில்சிலனால் என்னும் முற்றிலும் வேறான மூலக்கூறைக் கொண்டு 3.3 கிலோகலோரி வரை போனபோதும் அந்த வரை குலையவில்லை.

இது எதிர்பார்க்கக்கூடிய முடிவுபோல் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பிணைப்பு அறும் வேகத்தைத் தீர்மானிப்பது அதன் வலிமை மட்டுமல்ல. இடையில் கடக்க வேண்டிய தடையின் உயரம், ஒழுங்கின்மையில் வரும் மாற்றம், சுற்றியிருக்கும் கரைப்பான் வழிவிடும் விதம் எல்லாமே சேர்ந்துதான். அவ்வளவையும் தாண்டி, வெப்பநிலையை மாற்றிச் சாதாரண நிறமாலைமானியில் எடுக்கும் ஒரே எண்ணிலிருந்து பிகோ வினாடி ஆயுளைக் கணிக்க முடிகிறது என்றால், இந்த வகைப் பிணைப்புகளில் மற்றக் காரணிகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன என்று பொருள். விலையுயர்ந்த லேசர் இல்லாத ஆய்வகத்துக்கும் இது பயன்படும் செய்தி. ஆனால் பல பிணைப்புகள் கூடி நிற்கும் இடங்களுக்கு இந்தச் சமன்பாட்டை அப்படியே கொண்டுபோகக் கூடாது. டி.என்.ஏ.வில் அடினினும் தைமினும் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளாலும், குவானினும் சைட்டோசினும் மூன்றாலும் சேர்கின்றன. அங்கே ஒன்று அறுந்தாலும் மற்றவை மூலக்கூறைப் பிடித்துவைத்திருக்கும். அறுந்தது திரும்பச் சேர்ந்துவிடும்.

தண்ணீர்தான் எல்லோரும் கேட்கும் பொருள். அதுதான் மிகக் கடினமானதும். ஃபீனாலில் போலத் தனி முகடுகள் அங்கே இல்லை. பற்றியவையும் தளர்ந்தவையும் ஒரே அகன்ற பட்டையில் கலந்துகிடக்கின்றன. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆண்ட்ரே டோக்மகோஃபின் குழு, கனநீரில் சிறிதளவு ஓ–எச் கலந்து, அந்தப் பட்டைக்குள் அதிர்வெண் எப்படி அலைகிறது என்று 2003 முதல் அளந்தது. தண்ணீரில் அறுந்த பிணைப்பு தனியொரு நிலையாக நிற்பதில்லை, 200 ஃபெம்டோ வினாடி அளவிலேயே மீண்டும் சேர்ந்துவிடுகிறது என்பது 2005இல் அவர்கள் எட்டிய முடிவு. ஒரு பிணைப்பு அறுந்து, ஹைட்ரஜன் வெறுமனே தொங்கிக்கொண்டு, பிறகு மெல்லத் திரும்பி வேறொன்றைத் தேடும் என்ற பழைய சித்திரம் அத்தோடு நிலைகுலைந்தது. மறு ஆண்டில் பாரிசின் டேமியன் லாஜும் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஹைன்ஸும் கணினிப் பாவனையின் மூலம் மாற்றுச் சித்திரம் தந்தார்கள்: ஓ–எச் ஒரு துணையிலிருந்து மற்றொன்றுக்கு, 60 பாகை அளவுள்ள கோணத்தில், ஒரே தாவலாகப் போகிறது.

கணினி சொன்னதைச் சோதனையில் பார்க்கத் தனி முகடு வேண்டுமே. ஸ்டான்ஃபோர்டில் கெல்லி காஃப்னியின் குழு தண்ணீரில் சோடியம் பெர்குளோரேட் உப்பை நிறையக் கரைத்தது. பெர்குளோரேட் அயனியைப் பற்றிய ஓ–டி உயர்ந்த அதிர்வெண்ணிலும், மற்றொரு நீர் மூலக்கூறைப் பற்றிய ஓ–டி தாழ்ந்த அதிர்வெண்ணிலும் அதிர்வதால் இரண்டும் பிரிந்து தெரிந்தன. மூன்றாம் துடிப்பின் ஒளித்தள முனைவைத் திருப்பி அளந்து, துணை மாறும்போது ஓ–டி எவ்வளவு திரும்புகிறது என்று 2010இல் கண்டார்கள்: ஏறத்தாழ 49 பாகை. சிறுகச் சிறுகத் திரும்பும் சித்திரத்தில் இவ்வளவு பெரிய கோணத்துக்கு இடமில்லை. உப்புக் கரைசல் தூய தண்ணீர் ஆகிவிடாது என்பது உண்மைதான். ஆனாலும் தாவல் என்ற சொல் அன்றிலிருந்து அளவெடுத்த கோணத்தோடு வருகிறது.

இந்த முறைக்கு உள்ளேயே ஓர் எல்லையும் இருக்கிறது. மூலக்கூறுக்கு நாம் இட்ட அடையாளம் ஓர் அதிர்வில் இருக்கிறது. அதிர்வு தணிந்ததும் அடையாளமும் அழிகிறது. ஃபீனாலின் ஓ–டியில் அது 10 பிகோ வினாடி அளவு. அதைப் போலச் சில மடங்கு நேரம்வரைதான் குறியைத் தொடரலாம். தண்ணீரின் ஓ–டியில் இன்னும் குறைவு. வலுவான பிணைப்புகள் அறும்வரை குறி காத்திருக்காது. எனவே அடுத்த கட்டத் தேடல் நீண்டு அதிரும் தொகுதிகளுக்கானது: நைட்ரைல், அசைடு, தயோசயனேட், உலோகங்களோடு இணைந்த கார்பன் மோனாக்சைடு. டங்ஸ்டன் அணுவைச் சுற்றி ஆறு கார்பன் மோனாக்சைடுகள் அமைந்த சேர்மத்தில், கார்பன் டெட்ராகுளோரைடுக் கரைசலில், அந்த அதிர்வு ஏறத்தாழ 700 பிகோ வினாடி நிற்கிறது. இத்தகைய தொகுதியைப் புரதத்தின் குறிப்பிட்ட ஓரிடத்திலோ, செல்சவ்வின் கொழுப்பு அடுக்குக்குள்ளோ பொருத்தி, அங்கே பற்றி விடும் பிணைப்புகளை அளக்கும் வேலை இப்போது பல ஆய்வகங்களில் நடக்கிறது. ஒவ்வொன்றிலும் முதலில் விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பொருத்திய தொகுதி, தான் அளக்க வந்த இடத்தின் இயல்பை எவ்வளவு மாற்றிவிட்டது?